‘கான்ஃப்ளிக்ட்’ என்றால் சண்டை மட்டும்தானா? ஆங்கிலத்தில் புதிதாக வேலை பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். வியாழக்கிழமை மதியம் ஒரு கூட்டம் வைக்கலாம் என்று எங்கள் குழுவின் மூத்தவருக்கு அழைப்பு அனுப்பியிருந்தேன். அரை மணி நேரத்தில் ஒற்றை வரியில் பதில் வந்தது: ‘சாரி, ஐ ஹேவ் எ கான்ஃப்ளிக்ட் ஆன் தர்ஸ்டே.’ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம், யாரோடு என்ன தகராறோ, அதையும் நாள் குறித்து வைத்துக்கொண்டு போடுகிறாரே என்று நினைத்தேன். சும்மா இருக்க மனசு வரவில்லை. பிரச்சினை சீக்கிரம் நல்லபடியாக முடிய வேண்டும், என்னால் ஆன உதவியைச் செய்கிறேன் என்று நாலு வரி ஆறுதல் எழுதி அனுப்பினேன்.

அவருக்கு அந்த நேரத்தில் வேறொரு கூட்டம் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

சிரிக்கிற முகம் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். ஆனால் அதே சொல் இரண்டு மாதம் கழித்து ஒரு படிவத்தில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் கொடுத்த விலை இதைவிடப் பெரியது. அதை ஆறாம் படியில் சொல்கிறேன். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் சண்டையை ஒதுக்கி வையுங்கள்

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த பொருள் மோதல், பூசல், சச்சரவு, போராட்டம். எதுவும் தப்பில்லை. ஆனால் இந்தச் சொற்களைக் கேட்டதும் நம் கண்ணுக்கு முன்னால் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல் புழங்கும் பல இடங்களில் ஆட்களே இருக்க மாட்டார்கள். இரண்டு தேதிகள் இருக்கும், இரண்டு விதிகள் இருக்கும், இரண்டு சாட்சிகளின் வாக்குமூலங்கள் இருக்கும், ஒரே ஆளின் இரண்டு கடமைகள் இருக்கும்.

இதற்கு நம்மிடமே ஒரு நல்ல சொல் இருக்கிறது. தினமும் பேசுகிறோம், ஆனால் கான்ஃப்ளிக்டுக்கு நேராக அதை வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. ‘இடிக்கிறது’ என்ற சொல்தான் அது. ‘அன்னைக்கு வேணாம், பரீட்சைத் தேதியோட இடிக்குது.’ ‘இவர் சொல்றதும் அவர் சொல்றதும் எங்கேயோ இடிக்குதே.’ ‘ரெண்டு பொறுப்பையும் ஒரே ஆள் பார்த்தா இடிக்குமே.’ இவற்றைக் கேட்டு யாரும் சண்டை என்று நினைப்பதில்லை. மூன்று வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொன்னால் மூன்றிலும் கான்ஃப்ளிக்ட் வரும். லத்தீன் மூலத்திலும் ‘ஒன்றோடொன்று அடித்துக்கொள்வது’ என்ற பொருள்தான். வரலாறு அதோடு போதும்.

ஆகவே இந்தச் சொல்லைப் பார்த்ததும் ‘யாருக்கும் யாருக்கும் சண்டை?’ என்று கேட்காதீர்கள். ‘எதோடு எது இடிக்கிறது?’ என்று கேளுங்கள். இடிக்கிற இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் பொருள் தானாக வந்துவிடும். இரண்டும் ஆட்களாக இருந்தால்தான் அது சண்டை.

2. கையில் இருக்க வேண்டியவை, செலவு, நேரம்

செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் ஆகியவை ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரித்த அகராதிகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான பெரிய அகராதியை வாங்கிவிடாதீர்கள். கற்பவர்களுக்கான அகராதியில்தான் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நிறைய இருக்கும், இலக்கணக் குறிகளும் இருக்கும். பெயர்ச்சொல் பக்கத்தில் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் எண்ணக்கூடியது, ‘யூ’ என்றால் எண்ண முடியாதது, வினைச்சொல் பக்கத்தில் ‘ஐ’ இருந்தால் செயப்படுபொருள் எடுக்காது. கான்ஃப்ளிக்டுக்கு இந்த மூன்றும் வரும்.

இரண்டாவது ஆவணம் உங்களிடமே இருக்கிறது. உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் இந்தச் சொல்லைப் போட்டுத் தேடுங்கள். மூன்று மாத அஞ்சலில் எனக்குப் பதினேழு வாக்கியங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக நோட்டில் எழுதி, பக்கத்தில் ‘எதோடு எது’ என்று குறித்தேன். பதினேழில் சண்டை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று.

இன்னும் ஆழமாகப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ‘கோக்கா’ என்று சொல்லப்படும் அமெரிக்க ஆங்கிலச் சொற்களஞ்சியத்தில் தேடலாம். நூறு கோடிச் சொற்களுக்கு மேல் கொண்ட உரைத்தொகுப்பு அது. பெயர் பதிவு செய்துகொண்டால் ஓரளவுக்கு இலவசம். கட்டாயமில்லை.

நேரம்? ஒரு நாளைக்கு இருபது நிமிடம் வீதம் எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஒரே ஒரு எச்சரிக்கை: செல்பேசி மொழிபெயர்ப்புச் செயலியில் ஒற்றைச் சொல்லை மட்டும் போட்டால் ‘மோதல்’ என்று சொல்லிவிட்டு அது கையைக் கழுவிவிடும். முழு வாக்கியத்தைப் போடுங்கள்.

3. உச்சரிப்பு: ஒரே எழுத்து, இரண்டு அழுத்தம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முன்னால்: ‘கான்’ என்பதை ஓங்கிச் சொல்லி ‘ஃப்ளிக்ட்’டை இறக்குங்கள். வினையாக வரும்போது முதல் பாதி ‘கன்’ என்று மெலிந்து, ‘ஃப்ளிக்ட்’ ஓங்கும். அகராதியின் ஒலிக்குறிப்பில் மேலே ஒரு குட்டி நெட்டுக்கோடு தெரியும். அதற்கு அடுத்து வரும் அசையைத்தான் அழுத்த வேண்டும். ரெக்கார்ட், பெர்மிட், கான்ட்ராஸ்ட் எல்லாம் இதே குடும்பம்தான், பெயரில் முன் அழுத்தம், வினையில் பின் அழுத்தம்.

நம் நாக்குக்கு வரும் தொல்லை இரண்டு. ‘ஃப்ளி’யில் நடுவே ஒரு உயிரைச் செருகி ‘கான்பிலிக்ட்’ என்று ஆக்கிவிடுவோம். கடைசி ‘ட்’டை விழுங்கிவிடுவோம். பன்மையில் ‘க்ட்ஸ்’ என்று மூன்று மெய் சேர்ந்து வருவதால் இரண்டாவது தொல்லை இன்னும் அதிகம். மெதுவாகச் சொன்னால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. கேட்பவர் அழுத்தத்தை வைத்துத்தான் சொல்லைப் பிடிக்கிறார்.

4. வாக்கியத்தில் எங்கே உட்கார வைப்பது

நான் அதிகம் தடுக்கி விழுந்த இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் வினை. இந்த வினைக்குப் பின்னால் நேரடியாக ஒரு பொருளை வைக்க முடியாது, ‘வித்’ வேண்டும். ‘தி மீட்டிங் கான்ஃப்ளிக்ட்ஸ் வித் மை கிளாஸ்’ சரி. ‘தி மீட்டிங் கான்ஃப்ளிக்ட்ஸ் மை கிளாஸ்’ தவறு. செயப்பாட்டு வினையாகவும் ஆக்க முடியாது. ‘மை கிளாஸ் இஸ் கான்ஃப்ளிக்டட் வித் தி மீட்டிங்’ என்று நானே எழுதியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுவாயாக வைத்தால் ‘வித்’ தேவையில்லை: ‘தி டூ டேட்ஸ் கான்ஃப்ளிக்ட்.’

இந்த வினையின் எழுவாய் பெரும்பாலும் ஆளாக இருக்காது என்பதையும் கவனியுங்கள். தேதி, கருத்து, விதி, தகவல் இப்படித்தான் இருக்கும். ‘ஐ கான்ஃப்ளிக்டட் வித் ஹிம்’ என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. அவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் ‘வி டிஸக்ரீட்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். கொஞ்சம் கனமாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘வி கேம் இன்டு கான்ஃப்ளிக்ட்.’

அடுத்தது பெயர்ச்சொல்லும் அதன் பின்னால் வரும் இடைச்சொல்லும். இதில்தான் ஆபத்து இருக்கிறது. இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஐ ஹேவ் எ கான்ஃப்ளிக்ட் அட் த்ரீ.’ மூன்று மணிக்கு வேறு வேலை இருக்கிறது. ‘ஐ ஹேவ் எ கான்ஃப்ளிக்ட் வித் மை மேனேஜர்.’ மேலாளரோடு உரசல். ‘அட்’, ‘ஆன்’ வந்து பின்னால் ஒரு நேரமோ கிழமையோ இருந்தால் அது நாட்காட்டி விஷயம். ‘வித்’ வந்து பின்னால் ஒரு ஆள் இருந்தால் அது மனஸ்தாபம். மேலாளருடன் கூட்டம் இருக்கிறது, அதனால் வர முடியாது என்று சொல்ல நினைத்து இரண்டாவதை எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எழுதியவர் ஒருவர் எங்கள் குழுவிலேயே இருந்தார். அந்த அஞ்சலில் மேலாளருக்கும் நகல் போயிருந்தது.

‘பிட்வீன்’ வந்தால் இடிக்கிற இரண்டும் சொல்லப்பட வேண்டும்: ‘எ கான்ஃப்ளிக்ட் பிட்வீன் தி டூ ரிப்போர்ட்ஸ்.’ எதைப் பற்றிய மோதல் என்று சொல்ல ‘ஓவர்’: நிலத்துக்காக, தண்ணீருக்காக, எல்லைக்காக.

‘எ’ போடலாமா வேண்டாமா என்பதும் பொருளை மாற்றும். குறிப்பிட்ட ஒரு உரசல் என்றால் ‘எ கான்ஃப்ளிக்ட்.’ பொதுவாக மோதல் என்ற தன்மையே என்றால் ‘எ’ இல்லை: ‘ஷி அவாய்ட்ஸ் கான்ஃப்ளிக்ட்’ என்றால் அவர் எந்தப் பிரச்சினையிலும் தலையைக் கொடுக்காதவர்.

கடைசியாக இரண்டு பெயரடைகள். ‘கான்ஃப்ளிக்டிங்’ என்பது ஒன்றுக்கொன்று முரணான பொருள்களைப் பற்றியது: கான்ஃப்ளிக்டிங் ரிப்போர்ட்ஸ், கான்ஃப்ளிக்டிங் அட்வைஸ். இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டாவது. ‘கான்ஃப்ளிக்டட்’ என்பது ஆளின் மனநிலை. ‘ஐ ஆம் கான்ஃப்ளிக்டட் அபவுட் திஸ் ஆஃபர்’ என்று நண்பர் சொன்னால் அவர் யாரோடும் சண்டை போட்டுவிட்டு வரவில்லை. அந்த வேலையை ஏற்பதா விடுவதா என்று மனசு இரண்டுபட்டு நிற்கிறது. சமாதானம் பேசப் போகாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள்.

5. நாட்காட்டியில்

அலுவலகத்தில் உங்களுக்கு முதலில் எதிர்ப்படுவது இதுதான். நாட்காட்டிச் செயலிகள் ஒரே நேரத்தில் இரண்டு கூட்டம் வந்தால் இந்தச் சொல்லைக் காட்டும். பிரிட்டிஷ் வழக்கில் இதே இடத்தில் ‘கிளாஷ்’ என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

அழைப்பைப் பார்த்த அன்றே பதில் போடுங்கள், கடைசி நிமிடத்தில் வந்த கான்ஃப்ளிக்ட் சாக்குபோலத் தெரியும். என்ன வேலை என்று விளக்க வேண்டியதில்லை. மாற்று நேரம் இரண்டையாவது கூடவே கொடுங்கள்.

6. ‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ படிவம்

இப்போது நான் விலை கொடுத்த கதை.

ஒரு நாள் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது. ‘டு யூ ஹேவ் எனி கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் டு டிக்ளேர்?’ எனக்கு யாரோடும் பகை இல்லை. ‘இன்ட்ரஸ்ட்’ என்றால் ஆர்வம். ஆர்வத்தில் என்ன மோதல்? ‘நோ’ என்று குறியிட்டு இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். அந்த நேரத்தில் எங்கள் குழு சில பொருள்களை வாங்க மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கியிருந்தது. அதில் ஒன்று என் மச்சான் கூட்டாளியாக இருக்கும் நிறுவனம். ஒளித்து வைக்கவும் இல்லை, பக்கத்து மேசைக்காரரிடம் நானே சொல்லியும் இருந்தேன். ஆறு வாரம் கழித்து விஷயம் மேலே போனது. விலைப்புள்ளிகளை ரத்து செய்து மறுபடி முதலிலிருந்து வாங்கினார்கள். நான் மூன்று விளக்கக் கடிதங்கள் எழுதினேன். மச்சான் நிறுவனத்தின் விலைதான் குறைவாக இருந்தது என்பது யாருக்கும் பொருட்டாகவே இல்லை.

அவர்கள் கேட்டது இதுதான்: உங்கள் சொந்த நலனும், நீங்கள் பார்க்க வேண்டிய வேலையும் எங்காவது இடிக்கிறதா? இங்கே ‘இன்ட்ரஸ்ட்’ ஆர்வமும் இல்லை, வட்டியும் இல்லை (வட்டி என்று நினைத்துத் தன் வீட்டுக் கடன் விவரத்தை எழுதிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும்), அது நலன். தமிழில் ‘நலமுரண்’ என்கிறார்கள்.

மிக முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது: இது ஒரு நிலைமை, குற்றம் அல்ல. ‘யெஸ்’ என்று எழுதினால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகாது. தெரிந்தே சொல்லாமல் விடுவதுதான் தப்பாகிறது. சொல்லிவிட்டால் பெரும்பாலும் நடப்பது, அந்த ஒரு முடிவில் மட்டும் உங்களை ஒதுங்கி இருக்கச் சொல்வார்கள். அதற்கு ‘ரெக்யூஸ்’ என்ற வினை புழங்குகிறது.

படிவத்தில் மூன்று வகை கேட்கலாம். ‘ஆக்சுவல்’ என்றால் இப்போதே இடிக்கிறது. ‘பொட்டென்ஷியல்’ என்றால் நாளைக்கு இடிக்க வாய்ப்பு இருக்கிறது. ‘பெர்சீவ்டு’ அல்லது ‘அப்பேரன்ட்’ என்றால் உண்மையில் இடிக்காவிட்டாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித் தோன்றும். மூன்றாவதை நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள், ‘என் மனசுக்குத் தெரியும் நான் சுத்தம்’ என்று. படிவம் உங்கள் மனசைக் கேட்கவில்லை.

நிரப்ப உட்காரும் முன் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: நெருங்கிய உறவினர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள், எதில் பங்குதாரர் என்ற பட்டியல், உங்களிடம் உள்ள பங்குகள், வெளியே செய்யும் பகுதிநேர வேலை, ஆலோசனை, வேலை சம்பந்தப்பட்டவர்களிடம் வாங்கிய அன்பளிப்பு, முந்தைய வேலையில் இன்னும் தொடரும் ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அது. பட்டியல் தயாரிக்க ஒரு மாலை நேரம் ஆகும். வீட்டில் உள்ளவர்களைக் கேட்காமல் முடியாது.

எப்போது கொடுப்பது? வேலையில் சேரும்போது ஒரு தடவை கேட்பார்கள், பல இடங்களில் ஆண்டுக்கொரு முறையும் கேட்பார்கள். ஆனால் புதிதாக ஏதாவது முளைத்தால் அடுத்த ஆண்டுப் படிவம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. கால எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள், ‘இப்போது’ மட்டும் என்று எல்லாப் படிவமும் கேட்பதில்லை. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வைத்திருக்கும் படிவம், கட்டுரை எழுதியவர் கடந்த 36 மாதங்களில் யாரிடமிருந்து பணம், பதவி, பங்கு பெற்றார் என்று வரிசையாகக் கேட்கிறது. நின்றுபோன தொடர்பும் அதில் அடங்கும்.

கட்டணம் எதுவும் இல்லை. எதுவும் இல்லையென்றால் ‘நன்’ என்று எழுதுங்கள், வெற்றாக விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ‘ஐ ஆம் நாட் ஷ்யூர் வெதர் திஸ் இஸ் எ கான்ஃப்ளிக்ட், பட் ஐ வுட் லைக் டு டிஸ்க்ளோஸ் இட்’ என்று ஒரு வரி போதும். அனுப்பியதன் நகலைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஒப்பந்தம், செய்தி, கணினி

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ‘இன் தி ஈவன்ட் ஆஃப் எ கான்ஃப்ளிக்ட்’ என்று ஒரு வரி தொடங்கும். கையெழுத்துப் போட்டவர்கள் அடித்துக்கொண்டால் என்று பொருளில்லை. இரண்டு ஆவணங்களில், அல்லது இரண்டு உட்பிரிவுகளில் எழுதியிருப்பது முரண்பட்டால் என்று பொருள். அந்த வாக்கியம் ‘ஷல் ப்ரிவெயில்’ என்று முடியும், எது செல்லும் என்பது அங்கே இருக்கும். 1945ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சாசனத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அதன் 103ஆம் பிரிவில் கான்ஃப்ளிக்ட் என்று வருவது போரை அல்ல: ஒரு நாட்டுக்குச் சாசனத்தின்படி உள்ள கடமையும் வேறோர் உடன்படிக்கையின்படி உள்ள கடமையும் முரண்பட்டால் சாசனமே மேல் என்கிறது. போரைத் தடுக்க எழுதிய ஆவணத்திலேயே அந்தச் சொல் வெறும் முரண்பாடாக நிற்கிறது பாருங்கள்.

இரண்டு மொழியில் உள்ள ஒப்பந்தமென்றால் கையெழுத்துக்கு முன்னால் இந்த வரியைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் படித்துப் புரிந்துகொண்டது ஒரு மொழி, செல்லுபடியாவது இன்னொரு மொழி என்று இருக்கலாம். உண்மையான தகராறு வந்தால் என்ன செய்வது என்பது ‘டிஸ்பியூட் ரெசல்யூஷன்’ என்ற வேறு தலைப்பில் இருக்கும். எந்த ஊர் நீதிமன்றம், நடுவர் உண்டா, செலவு யார் தலையில், எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான். இரண்டு தலைப்பையும் ஒன்று என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள்.

செய்தியில் ‘ஆர்ம்டு கான்ஃப்ளிக்ட்’ என்று வந்தால் அது சண்டைதான், துப்பாக்கியோடு. ஆனால் அங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘வார்’ என்று ஏன் எழுதவில்லை? 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிலும் பொதுவாக உள்ள 2ஆம் பிரிவு, அறிவிக்கப்பட்ட போருக்கு மட்டுமல்லாமல், நாடுகளுக்கு இடையே வேறு எந்த ஆயுத மோதல் வந்தாலும் விதிகள் பொருந்தும் என்கிறது. ஒரு தரப்பு அதைப் போர் என்று ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பொருந்தும். ‘நாங்கள் போரே தொடுக்கவில்லை’ என்று சொல்லி நழுவ முடியாது. 3ஆம் பிரிவு ஒரு நாட்டுக்குள்ளேயே நடப்பதைப் பற்றியது. ஆகவே தமிழில் எழுதும்போது அவசரப்பட்டு ‘போர்’ என்று போடாமல் ‘ஆயுத மோதல்’ என்று போடுவதே பொருத்தம். ‘கான்ஃப்ளிக்ட் டைமண்ட்ஸ்’ என்று இன்னொன்று கேள்விப்படுவீர்கள். வைரங்கள் சண்டை போடவில்லை, கிளர்ச்சிக் குழுக்கள் அவற்றை விற்று மோதலுக்குப் பணம் திரட்டின. அந்த வியாபாரத்தைத் தடுக்கக் கிம்பர்லி சான்றிதழ்த் திட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது.

கணினியில் இதே சொல் பெரிய எழுத்தில் வந்து பயமுறுத்தும். நிரல் எழுதுபவர்கள் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கப் பயன்படுத்தும் ‘கிட்’ மென்பொருளில் இரண்டு பேர் ஒரே கோப்பின் ஒரே வரியை வேறு வேறு விதமாக மாற்றிவிட்டால், இணைக்கும்போது ‘மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்’ என்று நின்றுவிடும். கோப்பைத் திறந்தால் ஏழு கோணக்குறிகளுக்கும் ஏழு சமக்குறிகளுக்கும் நடுவே உங்கள் வரி இருக்கும், அதற்குக் கீழே அடுத்தவர் வரி இருக்கும். எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும், குறிகளை அழிக்க வேண்டும், அவ்வளவுதான். யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. இணையச் சேவையில் வரும் 409 என்ற பிழை எண்ணின் பெயரும் கான்ஃப்ளிக்ட்தான்: நீங்கள் கேட்பதும் சேவையகத்தில் இப்போது உள்ள நிலையும் இடிக்கின்றன.

8. நிஜமாகவே சண்டையென்றால் எந்தச் சொல்

கை ஓங்கியதோ கத்திக்கொண்டதோ ‘ஃபைட்.’ இறந்தகாலம் ‘ஃபாட்’, ‘ஃபைட்டட்’ என்று ஒன்று கிடையாது. ‘ஃபைட் வித்’ இரண்டு பக்கமும் வெட்டும். ஒருவரை எதிர்த்துப் போரிட்டதற்கும் அதுதான், அவரோடு தோளோடு தோள் நின்று போரிட்டதற்கும் அதுதான். தெளிவு வேண்டுமென்றால் எதிர்த்து என்பதற்கு ‘அகெய்ன்ஸ்ட்’, சேர்ந்து என்பதற்கு ‘அலாங்சைட்.’

வாய்த்தகராறு ‘ஆர்க்யுமென்ட்.’ ஆனால் நியாயமான வாதத்துக்கும் இதே சொல்தான், ‘குட் ஆர்க்யுமென்ட்’ என்று யாராவது உங்களைச் சொன்னால் கோபப்படாதீர்கள். நெருங்கியவர்களுக்குள் வரும் பிணக்கு ‘குவாரல்’, கொஞ்சம் புத்தக வாடை அடிக்கும். பிரிட்டிஷ்காரர்கள் ‘ரௌ’ என்பார்கள். வரிசை என்ற பொருளில் வரும் ‘ரோ’வுக்கும் அதே எழுத்துகள்தான், ஒலி மட்டும் வேறு.

பணம், உரிமை, கணக்கு இவற்றில் ‘இது சரியில்லை’ என்று எதிர்ப்பது ‘டிஸ்பியூட்.’ அட்டையில் தெரியாத தொகை பிடித்திருந்தால் வங்கிக்கு ‘ஐ வான்ட் டு டிஸ்பியூட் திஸ் சார்ஜ்’ என்று எழுதுங்கள். அங்கே கான்ஃப்ளிக்ட் என்று எழுதினால் அவர்களுக்குப் புரியாது. டிஸ்பியூட் என்ற சொல்லைப் பார்த்தால்தான் அதற்குரிய மேசைக்குப் போகும். இதற்குக் கெடு உண்டு, விதிமுறையில் நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொகை, தேதி, பரிவர்த்தனை எண் மூன்றையும் முதல் அஞ்சலிலேயே சேர்த்துவிட்டால் ஒரு சுற்று மிச்சம்.

அலுவலகத்தில் ஒருவரோடு ஒத்துப்போகவில்லை என்று மேலே சொல்ல நேர்ந்தால், எழுத்தில் கான்ஃப்ளிக்ட் என்ற சொல்லையே தவிருங்கள் என்பது என் கருத்து. ஆளோடு சேர்ந்து வரும்போது அது கனமான சொல், கோப்பில் ஏறிவிடும். ‘வி ஸீ திஸ் டிஃபரன்ட்லி’ என்று எழுதினால் வேலையும் நடக்கும், கதவும் திறந்திருக்கும்.

9. அப்படியே எடுத்து அனுப்பச் சில வரிகள்

கூட்டத்துக்கு வர முடியாதபோது: ‘ஐ ஹேவ் எ கான்ஃப்ளிக்ட் அட் தட் டைம். வுட் டியூஸ்டே ஆர் வெட்னஸ்டே மார்னிங் வர்க்?’

இரண்டு அறிவுறுத்தல்கள் முரண்படும்போது: ‘தி டூ இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் ஸீம் டு கான்ஃப்ளிக்ட். விச் ஒன் ஷுட் ஐ ஃபாலோ?’ இதில் ‘ஸீம் டு’ என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ‘நீங்கள் உளறியிருக்கிறீர்கள்’ என்கிற தொனி வந்துவிடும்.

ஒரு முடிவிலிருந்து ஒதுங்க: ‘மை ரெலட்டிவ் வர்க்ஸ் ஃபார் ஒன் ஆஃப் தி பிட்டர்ஸ், ஸோ ஐ ஹேவ் எ கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட். ப்ளீஸ் லீவ் மீ அவுட் ஆஃப் திஸ் டிசிஷன்.’ விலைப்புள்ளிகளைப் பிரிப்பதற்கு முன்னால் அனுப்ப வேண்டும், பிரித்த பிறகு அனுப்பினால் பாதிப் பலன்தான்.

அப்புறம், யாராவது உங்களுக்கு ‘ஐ ஹேவ் எ கான்ஃப்ளிக்ட் ஆன் தர்ஸ்டே’ என்று எழுதினால்: ‘நோ ப்ராப்ளம். டஸ் ஃப்ரைடே வர்க்?’ என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆறுதலும் சொல்லாதீர்கள்.